விடிகாலை மட்டும் வரும் 'டிக்': கோவிந்தாபுரம் பக்கத்து வீட்டில் ஸ்டீரியோ இரைச்சலின் வேரைத் தேடியது

புகார் இதுதான். ரெக்கார்ட் பிளேயரில் தட்டு வைத்தால் பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். செட் டாப் பாக்ஸ் வழியாகப் பாட்டுக் கேட்டால் அது இன்னும் கனமாகிறது. மின்விசிறியைக் குறைத்து வைத்தால் அதன்மேல் ஒரு கரகரப்பு. இதெல்லாம் போதாதென்று விடிகாலையில் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து 'டிக்... டிக்...' என்று சீரான இடைவெளியில் ஒரு சத்தம். ஏழு மணிக்கு மேல் அது இருந்த இடம் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி முதலமடை போகும் வழியில், மாந்தோப்புக்கு நடுவே இருக்கிறது வீடு. கேரள எல்லைக்குள் இருப்பதால் கரண்ட் பில் மலையாளத்தில் வரும். வீட்டுப் பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர். விடிகாலை ஐந்து மணிக்கு நாகஸ்வரம் கேட்பது அவருடைய பல வருடப் பழக்கம். அந்த நேரத்தில் தோப்பில் ஒரு வண்டிச் சத்தம் கூடக் கிடையாது. பகலில் காதில் விழாத இரைச்சல்கூட அப்போது ஹால் முழுக்க நிறைந்துவிடும். ஆகவே 'சின்ன சத்தம்தானே, விடுங்க சார்' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சாமான்கள்: வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த பழைய ஜப்பான் ஆம்ப்ளிபயர், மூவிங் மேக்னட் ஊசி வைத்த ரெக்கார்ட் பிளேயர், அதன் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்க அடாப்டரில் ஓடும் சின்ன போனோ பிரீ-ஆம்ப், கேபிள் இணைப்புள்ள செட் டாப் பாக்ஸ், டிவி, இரண்டு ஸ்பீக்கர். கூடவே ஹாலில் இன்வெர்ட்டர். சில வருடத்துக்கு முன் வீடு முழுக்க எல்இடி பல்புக்கு மாறியிருக்கிறார்கள்.

நான் போவதற்கு முன்பே சார் கணிசமாகச் செலவு செய்திருந்தார். பவர் கண்டிஷனர் என்று ஒரு கனத்த பெட்டி. தடித்த பவர் கேபிள் ஒன்று. ஸ்பைக் பில்டர் வைத்த எக்ஸ்டென்ஷன். மூன்றும் போட்ட பிறகும் இரைச்சல் இம்மியும் குறையவில்லை. அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ராத்திரி லோடு கொறஞ்சு வோல்டேஜ் ஏறிக்குது தம்பி. கரண்ட் சுத்தமில்ல. அதான் விடியற வரைக்கும் இந்தச் சத்தம்."

இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பது பிறகு வருகிறது.

காதால் பிரித்தது

இரைச்சல் வேட்டையில் மீட்டரை எடுப்பதற்கு முன் காதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50 அப்படியே கேட்டால் அது அடித்தொண்டை ரீங்காரம். பெரும்பாலும் எர்த் வழி அல்லது காந்தப்புலம் வழி வருகிறது. 100 ஹெர்ட்ஸில் கரகரப்போடு கேட்டால் ஏதோ ஒன்று ஒவ்வொரு அரை அலையையும் வெட்டுகிறது என்று பொருள்: ரெக்டிபயர், டிம்மர், விசிறி ரெகுலேட்டர். இரண்டுமே மின்சாரத்தோடு பூட்டியவை. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் 'டிக்' இந்த இரண்டிலும் சேராது. மின்சாரத்தில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சீராக நடக்கிற காரியம் எதுவும் கிடையாது. பிரிட்ஜ் கம்ப்ரசர் போட்டு நிறுத்தும்போது 'டப்' என்று ஒன்று வரும். அது பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை.

அடுத்து வால்யூம். வால்யூமைக் குறைத்தால் இரைச்சல் குறைகிறதா? குறைந்தால் அது வால்யூம் கட்டைக்கு முன்னாலேயே, அதாவது உள்ளே வரும் ஒயர்களில் சேர்கிறது. குறையாவிட்டால் ஆம்ப்ளிபயரின் பின்பகுதியில் அல்லது அதன் பவர் சப்ளையில் இருக்கிறது. இங்கே ரீங்காரமும் கரகரப்பும் டிக்கும் வால்யூமோடு ஏறி இறங்கின. ஆனால் நாலாவதாக ஒரு சத்தம் இருந்தது. அதை சார் பிரித்துச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் ஒயரையே கழற்றிவிட்டாலும் ஆம்ப்ளிபயர் பெட்டி தானாக உறுமியது. அது டிரான்ஸ்பார்மரின் இரும்புச் சத்தம்.

அதை முதலில் முடித்துவிடலாம், சுலபமானது. விடிகாலையில் பிளக் பாயிண்டில் 252 வோல்ட் இருந்தது. பகலில் 230-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஆம்ப்ளிபயரின் முதுகில் வோல்டேஜ் செலக்டர் இருந்தது. அது 220-இல் நின்றிருந்தது. 220-க்குச் சுற்றிய சுருளில் 252 கொடுத்தால் இரும்புக்குள் காந்தம் 15 சதவீதம் கூடுதலாகப் பாய்கிறது, இரும்பு திணறி உறுமுகிறது. பிளக்கை உருவிவிட்டு செலக்டரை 240-க்குத் திருப்பினோம். உறுமல் அடங்கியது. சார் சொன்னதில் உண்மையான பாதி இது. வோல்டேஜ் ஏறியது நிஜம். ஆனால் அது பெட்டியை உறுமவைத்ததே தவிர, ஸ்பீக்கரில் டிக் அடிக்கவில்லை.

கரகரப்பும் சீக்கிரம் பிடிபட்டது. ஹால் விசிறிக்குப் பழைய வட்டத் திருகு ரெகுலேட்டர், உள்ளே டிரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச். அது அலையின் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. நொடிக்கு நூறு வெட்டு. விசிறியை முழு வேகத்தில் வைத்தால் கரகரப்பு இல்லை, பாதியில் வைத்தால்தான் அதிகம். கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றியதும் போய்விட்டது. பழைய வீட்டில் ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் பில்டர் வாங்குவதற்கு முன் இந்த ரெகுலேட்டரை மாற்றிப் பார்க்கலாம். விலையில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை.

ரீங்காரம் வந்த வழி

எல்லா ஒயரையும் உருவிவிட்டு ஆம்ப்ளிபயரை மட்டும் ஓடவிட்டோம். அமைதி. பாட்டரியில் ஓடும் செல்போனை ஒயரில் கோர்த்துப் பாட்டு வைத்தோம். அப்போதும் அமைதி. இந்த ஒரு சோதனையே பெரிய முடிவைச் சொல்லிவிடுகிறது: அதே பிளக் பாயிண்ட், அதே 'சுத்தமில்லாத' கரண்ட், ஆனால் இரைச்சல் இல்லை. ஆகவே ஆம்ப்ளிபயரின் பவர் ஒயர் வழியாக அது உள்ளே நுழையவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். செட் டாப் பாக்ஸின் ஆடியோ ஒயரைக் குத்திய மறுநொடி ரீங்காரம் எழுந்தது. பாக்ஸின் பின்னாலிருந்த கேபிள்காரரின் கோஆக்ஸியல் ஒயரை மட்டும் திருகிக் கழற்றினால் அடங்கியது. பாக்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஆடியோ ஒயரும் அப்படியே இருந்தது.

இது எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு இடத்தில் சேர்வதால் உண்டாகும் வட்டம். ஆம்ப்ளிபயர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கேபிள் ஒயரின் வெளியுறை தெருக் கம்பம் வழியாக வேறெங்கோ பூமியைத் தொடுகிறது. போகிற வழியில் ஊரிலுள்ள டிவிகளின் கசிவையும் வாங்கிக்கொள்கிறது. டிவி, செட் டாப் பாக்ஸ் எல்லாம் இரண்டு பின் அடாப்டரில் ஓடுபவை. அந்த அடாப்டர்களுக்குள் உயர் அலை இரைச்சலை அடக்க ஒரு குட்டிக் கெபாசிட்டர் இருக்கும். 2.2 நானோபாரட் இருந்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.16 மில்லிஆம்பியர் அதன் வழியாகக் கசியும். ஒரு வீட்டில் அது ஒன்றுமில்லை. ஒரே உறையில் பல வீடுகள் தொங்கும்போது கூடிக்கொண்டே போகிறது.

கேபிள் உறைக்கும் ஆம்ப்ளிபயர் உடம்புக்கும் நடுவே மீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்ததில் 12 மில்லிஆம்பியர் ஓடியது. அது ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். அந்த மெல்லிய ஒயரின் பின்னலுக்கு 0.2 ஓம் தடை என்றால் 2.4 மில்லிவோல்ட் விழுகிறது. செட் டாப் பாக்ஸ் கொடுக்கும் இசை 300 மில்லிவோல்ட் அளவில். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு ரீங்காரம். சந்தைக்கடைச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. விடிகாலை ஐந்து மணிக்கு, ஆலாபனைக்கு நடுவில் வித்வான் மூச்சு வாங்கும் இடைவெளியில், நன்றாகவே தெரியும்.

இங்கே ஒரு விஷயம். உறவுக்காரப் பையன் ஒருவன் ஏற்கெனவே வழி சொல்லியிருந்தான்: ஆம்ப்ளிபயர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று. உண்மைதான், ரீங்காரம் போய்விடும். இரும்புப் பெட்டிக்குள் பேஸ் ஒயர் என்றைக்காவது உரசினால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், அதுவும் சேர்ந்து வரும். நல்ல வேளை, சார் கேட்கவில்லை. வட்டத்தை உடைக்க வேண்டுமென்றால் சிக்னல் பக்கம்தான் உடைக்க வேண்டும், எர்த் பக்கம் அல்ல. டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தது. அதிலிருந்து ஒளி ஒயரை, டிஜிட்டல் சிக்னலை ஒலிச் சிக்னலாக மாற்றும் ஒரு சின்ன டேக் பெட்டிக்கு இழுத்து, அங்கிருந்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்தோம். பிளாஸ்டிக் இழையில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்ட் போகாது. ஆப்டிகல் இல்லாத டிவி என்றால் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டிருப்போம்.

ரெக்கார்ட் பிளேயர் பக்க ரீங்காரம் வேறு ரகம். ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். பிரீ-ஆம்ப் அதை நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்துப் பதித்து, போடும்போது ஏற்றிக் கேட்பது ரியா என்ற கணக்குப்படி நடக்கிறது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 17 டெசிபெல் கூடுதல், அதாவது மேலும் ஏழு மடங்கு. மின்சார ரீங்காரத்துக்கென்றே வாசல் திறந்து வைத்ததுபோல அமைந்துவிட்டது. தட்டுப் பெட்டியிலிருந்து வரும் தனி எர்த் ஒயர் திருகில் பச்சை பிடித்திருந்தது, சுரண்டி இறுக்கினோம். பிரீ-ஆம்ப் ஆம்ப்ளிபயர் டிரான்ஸ்பார்மரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது, இரண்டடி தள்ளி வைத்தோம். பெரும்பகுதி போய்விட்டது.

டிக்

மிச்சம் டிக். எனக்கு இந்த வீட்டில் சுவாரசியமாகப் பட்டது இதுதான்.

செட் டாப் பாக்ஸ் ஒயரை எடுத்துவிட்டால் ஸ்பீக்கரில் டிக் பெரிதும் குறைந்தது. ஆனால் அந்த வட்டம் டிக்கை உண்டாக்கவில்லை, வழி கொடுத்தது அவ்வளவுதான். வேறெங்கிருந்தோ வருவது அதன் வழியாக நுழைகிறது. வட்டத்தை உடைத்துவிட்டோம், சத்தம் போய்விட்டது, கிளம்பலாம் என்றால் கிளம்பியிருக்கலாம். கிளம்பவிடாமல் செய்தது அடுப்படியிலிருந்து வந்த அம்மாவின் பேச்சு.

"தம்பி, பாட்டுச் சத்தத்த விடுங்க. காலைல பிரிட்ஜ் கைப்பிடிய தொட்டா வெடுக்கு வெடுக்குனு இழுக்குதுங்க. வயர்மேன் வந்து பல்பு போட்டுப் பாத்துட்டு எர்த் நல்லா இருக்குனு போயிட்டாரு. அதப் பாருங்க மொதல்ல."

வெடுக்கு வெடுக்கென்று, விட்டு விட்டு. சாதாரணக் கசிவென்றால் தொடர்ந்து சுரீரென்று இருக்கும். ஸ்பீக்கரில் வரும் டிக்கும் பிரிட்ஜில் வரும் வெடுக்கும் ஒரே சமயமா என்று கேட்டேன். அதை அவர்கள் சேர்த்துப் பார்த்ததில்லை. இன்னொரு கேள்வி: கரண்ட் போன விடிகாலையில் இன்வெர்ட்டரில் பாட்டு ஓடியதுண்டா? உண்டு. அப்போது டிக் இருந்ததா? சார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருந்துச்சே. இன்வெர்ட்டரோட கொர்ர்ர் சத்தம் வேற தனியா இருந்துச்சு. டிக்கும் இருந்துச்சு."

இந்தப் பதிலிலேயே 'ராத்திரி வோல்டேஜ்' கதை முடிந்துவிடுகிறது. கரண்ட் போனால் பேஸ் கிடையாது, தெருவிலிருந்து வோல்டேஜ் வராது. ஆனால் எர்த் ஒயர் அப்படியே குழியோடு சேர்ந்தே இருக்கும். கரண்ட் போனாலும் எர்த் போவதில்லை.

அடுத்த விடிகாலையில் பாட்டரி டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டோம். மீடியம் வேவில், திருச்சூர் 630-க்கும் கோவை 999-க்கும் நடுவே நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால் வெறும் 'ஷ்ஷ்' கேட்கும். பக்கத்தில் மின்பொறி எங்கே தெறித்தாலும் அந்த ஷ்ஷ்-இல் வெட்டு விழும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் கருவிகளைவிட இந்த வேலைக்கு இது மேல். பெட்டிக்குள் ஏரியலாக இருக்கும் பெரைட் கம்பி திசையும் காட்டும்: பெட்டியைத் திருப்பத் திருப்பச் சத்தம் ஏறி இறங்கும். ஹாலில் டிக் கேட்டது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டோம், இன்வெர்ட்டரையும் அணைத்தோம், வீடே இருட்டு. ரேடியோவில் டிக் நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஐம்பது சொச்சம் என்ற கணக்கும் மாறவில்லை.

சத்தம் கூடும் திசையில் நடந்தால் அது பின்வாசலுக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து எர்த் குழிக்கு. எர்த் குழாயில் வீட்டு எர்த் ஒயரோடு இன்னொரு கம்பி சேர்த்து முறுக்கியிருந்தது. அது சுவரோரமாகப் போய் மோட்டார் அறைக்குள் நுழைந்து, சோலார் வேலி மெஷினில் முடிந்தது.

தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் மாந்தோப்புகளில் அது வழக்கம். தென்மலைச் சரிவிலிருந்து காட்டுப்பன்றியும் சில சமயம் யானையும் இறங்குவதால் குத்தகைக்காரர் வேலி போட்டிருக்கிறார். மெஷின் முறையானதுதான்: சோலார் தகடு, 12 வோல்ட் பாட்டரி, பெட்டி. மாலையில் போடுவார்கள், காலை ஏழு மணிக்கு வேலையாட்கள் வந்ததும் அணைப்பார்கள். ஏழு மணி மர்மம் அங்கே தீர்ந்தது. பொருத்த வந்தவர் வேலிக்கென்று தனி எர்த் அடிக்காமல், கைக்கு எட்டிய வீட்டு எர்த்திலேயே முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். 'குழி ரெடியா இருக்கே' என்பது அவருடைய கணக்கு.

வேலி எப்படி வீட்டுக்குள் வந்தது

வேலி மெஷின் பாட்டரிக் கரண்டை ஒரு கெபாசிட்டரில் சேர்த்து, நொடிக்கு ஒருமுறைக்கு மேல் போகாத இடைவெளியில், சில ஆயிரம் வோல்ட் கொண்ட நுண்ணிய துடிப்பாக வேலிக் கம்பியில் விடுகிறது. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது என்பது ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசத் தரவிதி. வலிக்கும், கொல்லாது. (பேஸ் கம்பியை நேராக வேலியில் கோர்ப்பவர்களும் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதில் யானையும் சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் சாகிறார். அது வேலி அல்ல, குற்றம்.)

கம்பியைத் தொட்ட பன்றியின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கும் கரண்ட், மெஷினுக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பும் வாசல்தான் எர்த் கம்பி. பன்றி இல்லாவிட்டாலும் புல் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு வேலியடியில் முழங்கால் உயரத்துக்குப் புல். சாயங்காலம் காய்ந்து கிடப்பதால் கசிவு கம்மி, டிவி சத்தத்தில் டிக் தெரியாது. விடிகாலையில் பனி இறங்கி ஒவ்வொரு தாளும் நனைந்துவிட்டால் வேலி நெடுகக் கசிவு.

இப்போது வீட்டு எர்த்தைப் பார்ப்போம். வயர்மேன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு போட்டுப் பார்த்தார், நன்றாக எரிந்தது, உண்மை. 100 வாட் குண்டு பல்பு இழுப்பது 0.43 ஆம்பியர். எர்த் டெஸ்டர் இரவல் வாங்கி மூன்று கம்பி அடித்து அளந்ததில் குழியின் தடை 38 ஓம் வந்தது. 0.43-ஐ 38-ஆல் பெருக்கினால் 16 வோல்ட் சொச்சம். 230-இல் 16 போனால் பல்பு மங்கியதாகக் கண்ணுக்கே தெரியாது. எர்த் அறுந்துவிட்டதா இல்லையா என்பதைத்தான் பல்பு சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. இதே 38 ஓமில் பிரிட்ஜ் உடம்பில் பேஸ் உரசினால் ஓடக்கூடியது 6 ஆம்பியர். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அசையாது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் இந்த வீட்டில் இல்லை. இரைச்சலை விட எனக்கு இதுதான் கவலையாக இருந்தது.

வேலிக் கணக்கு இன்னும் மோசம். 5,000 வோல்ட் துடிப்பு ஈரப் புல் வழியாக 500 ஓம் பாதையில் போனால் உச்சத்தில் 10 ஆம்பியர். திரும்பி வரும்போது அதே 10 ஆம்பியர் 38 ஓம் குழியைக் கடக்க வேண்டும். 380 வோல்ட். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கணம் வீட்டின் எர்த் பின் அத்தனையும் அந்த அளவுக்குத் துள்ளுகிறது. பிரிட்ஜ் உடம்பு, வாஷிங் மெஷின், ஆம்ப்ளிபயர் பெட்டி எல்லாம் சேர்ந்து. மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் கைக்கடக்கமான பாட்டரி ஆஸிலாஸ்கோப்பை எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தபோது இருநூறு வோல்ட்டைத் தாண்டி ஒரு ஊசி எழுந்து எழுந்து அடங்கியது, ரேடியோவின் டிக்கோடு சரியாகச் சேர்ந்து. இரண்டு வீட்டுக் கழிவுநீரை ஒரே ஒடுங்கிய குழாயில் விட்டால் பள்ளத்து வீட்டு அடுப்படியில் பொங்கும் அல்லவா, அந்தக் கதை.

ஆம்ப்ளிபயர் உடம்பு துள்ளுகிறது, கேபிள் உறை தெருவில் அமைதியாக நிற்கிறது, நடுவில் ஆடியோ ஒயர். துள்ளல் அதன் வழியாகப் பாய்ந்தால் ஸ்பீக்கரில் டிக்.

பவர் கண்டிஷனர் ஏன் உதவவில்லை என்பதும் இதே இடத்தில் விளங்கிவிடும். அதற்குள் இருக்கும் பில்டர், பேஸிலும் நியூட்ரலிலும் வரும் உயர் அலை இரைச்சலைக் கெபாசிட்டர் வழியாக எர்த்துக்குத் தள்ளிவிடுகிறது. எர்த் அமைதியாக நிற்கும் என்பது அதன் நம்பிக்கை. இங்கே எர்த்தே குதிக்கிறது. அப்போது அதே கெபாசிட்டர்கள் எர்த்தில் வருவதைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுக்கும். பெட்டியைச் செய்தவர்மேல் குறையில்லை. அழுக்கு எந்த ஒயரில் வருகிறது என்று பார்க்காமல் எந்தப் பெட்டி வாங்கினாலும் இதுதான் நடக்கும். 'கரண்ட் சுத்தமில்லை' என்று அழைப்பு வந்து நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் பேஸிலும் நியூட்ரலிலும் கோளாறு இருப்பதில்லை. எர்த்திலோ, எர்த்தைத் தொடும் ஏதோ ஒரு கேபிளிலோ இருக்கிறது.

செய்தது

முதலில் வேலிக் கம்பியை வீட்டு எர்த்திலிருந்து பிரித்தோம். பிரித்ததும் பிரிட்ஜ் வெடுக்கும் நின்றது. வேலிக்குத் தனி எர்த்: வாய்க்கால் ஓரம், மண் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், மூன்று ஜிஐ குழாய்கள், ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் தள்ளி. மேலே சொன்ன தரவிதியின்படி வேலியின் எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும். இங்கே அதைவிட நிறையவே கிடைத்தது. மெஷினிலிருந்து போகும் ஒயர் வீட்டு ஒயரிங் பக்கத்தில் இணையாக ஓடாதபடி சுற்றுப்பாதையில் கொண்டுபோனோம். வேலியடிப் புல்லை வெட்டும் வேலையைக் குத்தகைக்காரர் ஏற்றுக்கொண்டார்.

வீட்டு எர்த்துக்கு இரண்டாவது குழி. கரி, உப்பு, செம்மண்ணோடு கலந்து இறக்கி, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைத்து, பழைய குழியோடு தடித்த கம்பியால் சேர்த்தார் வயர்மேன். இரண்டும் சேர்ந்து 7 ஓமுக்குக் கீழே வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் மண் வறண்டு அது மறுபடி ஏறும். சமையலறைத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு சின்னக் கிளையை அந்தப் புனலுக்கு இழுத்துவிட்டிருக்கிறோம். போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அதைப் போட்டதும் முதல் வேலையாக அது விழுந்தது. ஒரு பழைய வாட்டர் ஹீட்டரின் காயில் கசிந்துகொண்டிருந்தது. ஹீட்டரை மாற்றும் வரை அதன் எம்சிபியை இறக்கியே வைத்தார்கள்.

எல்இடி பல்புகளில் ஒன்றிரண்டு ரேடியோவை அருகே கொண்டுபோனால் இரைகின்றன. ஆம்ப்ளிபயரில் அது கேட்கவில்லை, ஆகவே தொடவில்லை. ரேடியோவில் கேட்பதையெல்லாம் துரத்தினால் ஊரில் ஒரு வீடும் மிஞ்சாது.

போனோவில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி, ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மெல்லிய ரீங்காரம் இன்னும் இருக்கிறது. அது தட்டுப் பெட்டியின் கைக்குள் ஓடும் நுண் ஒயர்களும் மோட்டாரின் காந்தமும் சேர்ந்து செய்வது. பிரிக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். பவர் கண்டிஷனர் இப்போது கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

குத்தகைக்காரர் ஆரம்பத்தில் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் நின்றார், பாட்டுச் சத்தத்துக்காகத் தன் வேலியில் கைவைக்கிறார்களே என்று. தனி எர்த் அடித்த பிறகு வேலி மீட்டரை வைத்துப் பார்த்தால், தோப்பின் கடைக்கோடியில் முன்பு 3,000 வோல்ட்டை ஒட்டி இருந்தது 6,000-ஐத் தாண்டியது. புல் வெட்டியதில் பாதி, நல்ல எர்த்தில் பாதி. முதலமடையில் இன்னொரு தோப்பும் அவர் குத்தகையில் இருக்கிறது. அங்கேயும் மெஷினின் எர்த்தைக் காவல்காரர் வீட்டு எர்த்தில்தான் முறுக்கியிருக்கிறார்களாம். வாட்டர் ஹீட்டர் மாற்றும் வேலை முடிந்ததும் வயர்மேனை அங்கே அழைத்துப் போகிறார்.